புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!



நீளமான பதிவு. முக்கால் மணி நேரம் என் வகுப்பில் அசையாமல் உட்கார்ந்தவர்கள் நீங்கள், இதையும் படித்து முடிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். மார்க் குறைத்தபோதும் வந்தது, பிறகு போய்விட்டது.

சில மாதங்களாக என் கைப்பேசிக்கு ஒரே மாதிரிப் படங்கள் வருகின்றன. இடது பக்கம் கறுத்துப் போன ஒரு பித்தளைக் குழாய், வலது பக்கம் அதே குழாய், தங்கம் மாதிரி மின்னுகிறது. "ஐயா, தாத்தாவோட மிலிட்டரி டெலஸ்கோப். புளி போட்டுத் தேய்ச்சு, பவுடர் போட்டு, மேல வார்னிஷ் அடிச்சு ரெஸ்டோர் பண்ணிட்டோம். எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். கீழே நாற்பது பேர் 'சூப்பர்', 'செம' என்று போட்டிருக்கிறார்கள்.

என் பதில் ஒன்றுதான். தம்பி, நீ செய்தது புதுப்பித்தல் அல்ல. தாத்தாவின் கையெழுத்தை அழித்துவிட்டு வெற்றுத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாய்.

முப்பத்து நாலு வருடம் பெரம்பலூர், வேப்பந்தட்டை, செந்துறைப் பக்கத்துப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தியவன் நான். ஓய்வுக்குப் பிறகு என் மேசையில் லென்ஸும் சின்னத் திருப்புளியும்தான். பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கியில் ஆரம்பித்து, பழைய பைனாகுலர், ராணுவத் தொலைநோக்கி, திசைகாட்டி என்று என்னிடம் வந்தவை பல. இதில் எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால்தான் சத்தம் போடுகிறேன்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். மறைந்திருந்து வெகு தொலைவிலிருந்து குறி வைப்பவனை ஆங்கிலத்தில் 'ஸ்னைப்பர்' என்கிறார்கள். அந்தச் சொல் பிறந்ததே நம் நாட்டில்தான். 18ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் பொழுதுபோக்குக்கு 'ஸ்னைப்' என்ற பறவையைச் சுடுவார்கள். நாம் உள்ளான் என்று சொல்வதுதான் அது. மண் நிறத்தில், மண்ணோடு மண்ணாகப் பதுங்கி, எழும்பினால் கோணல்மாணலாகப் பறக்கும். அதைச் சுடத் தெரிந்தவன் ஸ்னைப்பர். கரைவெட்டி ஏரிக்குப் போய்ப் பறவை பார்க்கும் அரியலூர்ப் பிள்ளைகள், அடுத்த முறை உள்ளானைக் கண்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேலைக்குத் துப்பாக்கி மட்டும் போதாது. துப்பாக்கி மேல் பொருத்தும் குறிநோக்கி, அதைத் தாங்கும் இரும்புப் பிடி, அதை வைக்கும் தகரப் பெட்டி, தோல் உறை, கன்னத்தைச் சாய்க்க மரத்துண்டு, தூரம் பார்க்கத் தனியாக ஒரு தொலைநோக்கி, திசைகாட்டி என்று ஒரு குடித்தனமே கூடப் போகும். துப்பாக்கி அரசாங்கத்துக்குத் திரும்பிப் போய்விடும். இந்தச் சில்லறைச் சாமான்களில் சில எப்படியோ தப்பி, ராணுவ மிச்சச் சரக்கு ஏலங்கள் வழியாகவோ, ஓய்வு பெற்று வந்தவரின் டிரங்குப் பெட்டி வழியாகவோ வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. நான் பேசுவது இவற்றைப் பற்றித்தான்.

ஓர் உதாரணம். 2ஆம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை பயன்படுத்திய 'நம்பர் 4 மார்க் 1 (டி)' என்ற துப்பாக்கி. 'டி' என்பது டெலஸ்கோப்புக்கு. தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்து, நன்றாகக் குறி சேர்ந்தவற்றைப் பொறுக்கியெடுத்து, 1942 முதல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற லண்டன் நிறுவனத்தில் கொடுத்துக் குறிநோக்கி பொருத்தினார்கள். இருபதாயிரத்துக்கும் மேல் இப்படித் தயாராயின. விடுதலைக்குப் பிறகு நம் படையிலும் இது இருந்தது. அதன் குறிநோக்கிக்கு 'நம்பர் 32' என்று பெயர். முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைத்தது, பிறகு இதற்கு வந்தது. எத்தனை மடங்கு பெரிதாக்கும் தெரியுமா? வெறும் மூன்று மடங்கு. கைப்பேசி விளையாட்டில் 'எயிட் எக்ஸ் ஸ்கோப் கிடைச்சிடுச்சு' என்று கத்துகிற பேரப்பிள்ளைகளே, கவனியுங்கள். மூன்று மடங்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, மழையில் சேற்றில் மணிக்கணக்காக ஒருவன் கிடந்தான்.

இதில் முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஒவ்வொரு குறிநோக்கியும் ஒரே ஒரு துப்பாக்கியோடு சேர்த்துச் சரிசெய்யப்பட்டது. குறிநோக்கியின் எண்ணைத் துப்பாக்கிக் கட்டையின் கழுத்தில் குத்தினார்கள். துப்பாக்கியின் எண்ணை, குறிநோக்கியைத் தாங்கும் பிடியில் குத்தினார்கள். தாலி கட்டின மாதிரி. இதைக் கழற்றி அதில் போட்டால் குறி தப்பும். ஆகவே அந்த எண்தான் அந்தப் பொருளின் ஊர், பேர், சாதகம் எல்லாமே. எந்தத் தொழிற்சாலை, எந்த வருடம், எந்தத் துப்பாக்கி என்று அது வாய் திறந்து சொல்லும்.

இப்போது சொல்லுங்கள். புளியும் சாம்பலும் போட்டு அரை மணி நேரம் தேய்த்தால் முதலில் போவது எது? அழுக்கா? இல்லை, எழுத்து. மெல்லிசாகக் குத்திய எண், செய்தவரின் முத்திரை, அரசாங்கச் சொத்து என்பதற்கான அம்புக்குறி, இந்தியாவுக்கு உரியது என்பதற்காக அதோடு போட்ட 'ஐ' என்ற ஆங்கில எழுத்து, இவைதான் முதலில் மழுங்கும். அப்புறம் போவது அந்தக் கறுப்பு. அது அழுக்கு என்று யார் சொன்னது? வெயிலில் மின்னினால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் என்று வேண்டுமென்றே கறுப்பாக்கிய பித்தளை அது. மின்னக் கூடாது என்பதற்காகவே செய்த பொருளை மின்ன வைத்துவிட்டு, 'ஒரிஜினல் நிலைக்குக் கொண்டு வந்துட்டேன்' என்கிறாய். மறைந்திருக்க வேண்டியவனுக்கு ஜிகினாச் சட்டை மாட்டிவிட்ட கதை.

இன்னும் கேளுங்கள். உள்ளே இருக்கும் லென்ஸ் ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரண்டு வகைக் கண்ணாடியை ஒட்டியது. நிறப்பிறழ்ச்சி நீங்க அப்படிச் செய்வார்கள் என்று பன்னிரண்டாம் வகுப்பில் நடத்தினேன், பாதிப் பேர் தூங்கினீர்கள். அந்தக் காலத்தில் ஒட்டியது கனடா பால்சம் என்ற மரப்பிசினால். வயதாக ஆக அது மஞ்சளாகும், ஓரத்தில் விட்டுப்போகும், எண்ணெய்த் துளி மாதிரி வானவில் நிறம் காட்டும். அதைப் பார்த்துவிட்டு 'உள்ளே அழுக்கு' என்று கழற்றி, வெந்நீரில் போட்டுச் சோப்பால் கழுவிய ஆள் ஒருவர் எனக்குத் தெரியும். லென்ஸ் இரண்டாகப் பிரிந்து அவர் கையில் வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். கண்ணாடியின் மேல் வலை மாதிரிப் படர்வது பூஞ்சை. நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில், மூடிய தோல் உறைக்குள் வைத்தால் கட்டாயம் வரும். நாள்பட்டால் கண்ணாடியையே அரித்துவிடும். இதற்கு மருந்து தேய்ப்பதல்ல, காய வைப்பது. உறையிலிருந்து தனியே எடுத்து, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மருந்து டப்பாவிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் வருகிற அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் சேர்த்தாலே போதும்.

தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். நாலு நாள் பளபளக்கும், பிறகு கறுத்துப் பிசுபிசுத்துப் பூஞ்சைக்கும் எலிக்கும் விருந்தாகும். மரத்துக்கு டச்வுட் அடிக்காதீர்கள். ராணுவத்தில் அந்தக் கட்டைக்குப் போட்டது ஆளிவிதை எண்ணெய்தான், மினுங்கும் வார்னிஷ் அல்ல.

ஒன்றை மட்டும் மிரட்டியே சொல்கிறேன். 2ஆம் உலகப் போர்க் காலத்துத் திசைகாட்டிகளில் இருட்டில் ஒளிரப் பூசிய பூச்சில் ரேடியம் உண்டு. இப்போது ஒளிராது, ஆகவே செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒளிரும் பொருள்தான் செத்தது, ரேடியம் சாகவில்லை. அதன் அரை ஆயுள் சுமார் 1600 வருடம். அதைச் சுரண்டி, தூளை மூச்சில் இழுத்து, அதே கையால் சோறு சாப்பிட்டு 'ரெஸ்டோர்' செய்யாதீர்கள். திறக்காமல், சுரண்டாமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அடுத்தது வாங்குகிறவர்கள். மாதச் சம்பளம் வந்ததும் இணையத்தில் 'ஆண்டிக் மிலிட்டரி ஸ்னைப்பர் டெலஸ்கோப், 1917' என்று ஒன்றை வரவழைத்து வரவேற்பறையில் வைக்கும் மருமகப்பிள்ளைகளே, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917' என்று பெரிய எழுத்தில் பொறித்த குழாய்களை நானே நாலைந்து பார்த்துவிட்டேன். கெல்வின் நிறுவனமும் ஹியூஸ் நிறுவனமும் ஒன்று சேர்ந்து அந்தப் பெயர் வந்ததே 1947இல்! பிறக்காத பிள்ளைக்கு முப்பது வருடம் முந்தியே காது குத்தியிருக்கிறார்கள். அது அலங்காரப் பொருள். அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்றால், வாங்கினால், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பித்தளைக் கொல்லருக்கும் வயிறு உண்டு. 'எங்க கொள்ளுத்தாத்தா பிரான்ஸ் சண்டையில வெச்சிருந்தது' என்று அதன் மேல் கதை கட்டுவதுதான் தப்பு. உண்மையில் போனவர் ஒருவரின் இடத்தில் பொய்யை உட்கார வைக்கிறீர்கள்.

உண்மையான பொருளுக்கு எப்படி மதிப்பு வருகிறது? நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வெளிநாட்டு உதாரணமே வேண்டாம். காரை, உட்டத்தூர், கல்லங்குறிச்சி என்று நம் ஊர்ப் பெயர்கள் உலக நிலவியல் புத்தகங்களில் இருக்கின்றன. கடல் இங்கே இருந்ததற்குச் சாட்சியாக நத்தைக்கல்லும் சிப்பியும் கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. வெறும் கையில் ஒரு நத்தைக்கல்லைக் கொண்டு வந்து கொடுத்தால் அது மேசை மேல் வைக்கும் அழகுக் கல். எந்த ஓடை, எந்த அடுக்கு, எத்தனை அடி ஆழம் என்று ஒரு துண்டுச் சீட்டோடு வந்தால் அது அறிவியல். கல் ஒன்றுதான், சீட்டுதான் வித்தியாசம். சிமென்ட் சுரங்கத்திலிருந்து லாரியில் போனதில் எத்தனை இப்படிச் சீட்டில்லாமல் போயின என்று நமக்கே தெரியும். ராணுவப் பொருளும் அப்படியே. யார் வைத்திருந்தார், எந்தப் படைப்பிரிவு, எங்கே போனார், எப்போது வந்தார், இந்த நாலு வரி இல்லாவிட்டால் அது பித்தளை, அவ்வளவுதான்.

அந்த நாலு வரி தெரிந்த கிழவர்களும் கிழவிகளும் நம் வீடுகளில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாம் பித்தளையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்!

இனி, தேய்க்கக்கூடச் செய்யாமல் எடைக்குப் போடுகிறவர்கள். குன்னம் பக்கத்தில் ஒரு வீட்டில் நடந்தது இது. பெரியவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்து பர்மா போய் வந்தவர். காரியம் முடிந்த மறுவாரம் அவருடைய டிரங்குப் பெட்டியும், தகரப் பெட்டியும், தோல் உறையும், அதற்குள் இருந்ததும் பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறின. எனக்குத் தகவல் வந்து போனபோது தராசுக்காரர்கூட ஊரில் இல்லை. பேரன் சொன்னான்: "துருப்பிடிச்ச டப்பா ஐயா, எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?" அந்தத் தகரப் பெட்டியின் மூடியில் எண் எழுதியிருந்ததா என்று கேட்டேன். "ஏதோ எழுதியிருந்துச்சு" என்றான். அந்த 'ஏதோ'வுக்குத்தான் நான் இவ்வளவு நீளம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இது நமக்குப் புதிதல்ல. கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில், தஞ்சாவூர் அரண்மனையில், நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்த பெரிய ஆயுதசாலை ஒன்று இருந்தது. 1855இல் வாரிசில்லை என்று சொல்லிக் கம்பெனி அரசாங்கம் தஞ்சையை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு அந்த ஆயுதங்களில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய உலோகமாக்கிவிட்டார்கள். பொறுக்கியெடுத்த ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது, இன்றும் எழும்பூரில் பார்க்கலாம். உலகம் முழுக்க இருந்து அறிஞர்கள் வந்து அதை ஆராய்கிறார்கள். உடைபட்டது எப்படி இருந்தது என்று சொல்ல ஆள் இல்லை. அன்று உடைத்தவன் வெள்ளைக்காரன் என்று திட்டலாம். இன்று தராசில் ஏற்றுகிறவன் யார்? நம் பெயரன்.

"ஐயா, வாத்தியார் வேலை பார்த்தவர் நீங்கள். ஆளைக் கொல்லும் கருவிக்கு இவ்வளவு வக்காலத்தா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

நான் துப்பாக்கிப் பக்தன் இல்லை. குறிநோக்கிக் கண்ணாடி வழியே பார்ப்பவன் எதிரியின் முகத்தைப் பார்க்கிறான். பீரங்கிக்காரன் பார்ப்பதில்லை, இவன் பார்க்கிறான். எதிரில் இருப்பவன் டீ குடிப்பதை, பீடி பற்ற வைப்பதைப் பார்த்துவிட்டுச் சுடுகிறான். அந்தச் சுமையோடு வீடு வந்தவர்கள் பெரும்பாலும் வாயே திறக்கவில்லை. அந்தப் பொருளைத் தேய்த்து மினுக்கி, பின்னால் மாஸ் பாட்டுப் போட்டு ரீல் விடுவதுதான் கொலையைக் கொண்டாடுவது. கறுப்பும் கீறலுமாக அப்படியே வைத்து, பக்கத்தில் நாலு வரி உண்மை எழுதுவது கொண்டாட்டம் அல்ல, கணக்குச் சொல்வது. அகிம்சை பேசுகிறவர்களுக்கும் அந்தக் கணக்கு வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்தவர் பிரடரிக் ராபர்ட்ஸ், பிற்பாடு லார்ட் ராபர்ட்ஸ். 'தெற்கத்தி ஆள் சண்டைக்கு ஆக மாட்டான்' என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டு, இந்தியத் தலைமைத் தளபதி ஆனதும் மெட்ராஸ் படைப்பிரிவுகளைக் குறைத்தவர்களில் முக்கியமானவர். அதே மனிதர் 1914இல் போர் வந்ததும், படையில் கண்ணாடி இல்லை, உங்கள் வீட்டுத் தொலைநோக்கியையும் பைனாகுலரையும் இரவல் தாருங்கள் என்று இங்கிலாந்து மக்களிடம் கேட்டார். வந்த ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்தார்கள். அந்த நவம்பரில் அவர் இறந்த பிறகும் அவர் மகள் அந்த வேலையைத் தொடர்ந்தார். போர் முடிந்ததும் மிஞ்சியதை உரியவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆள் தேர்வில் அவர் செய்த அநியாயத்தை நான் மன்னிக்கவில்லை. ஆனால் எண் போட்டு, பதிவேடு வைத்து, இரவல் பொருளைத் திருப்பித் தந்த அந்த ஒழுங்கைப் பாருங்கள். 'சண்டைக்கு ஆகாது' என்று ஒதுக்கப்பட்ட மாகாணத்திலிருந்துதான் 2ஆம் உலகப் போரில் கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்தார்கள். மழை பொய்த்த புஞ்சைக் காட்டிலிருந்து, வயிற்றுக்காகப் போனவர்கள் நம் முன்னோர். அவர்கள் போனதற்கு நம்மிடம் என்ன பதிவேடு இருக்கிறது? ஒரு தகரப் பெட்டி இருந்தது, அதையும் எடைக்குப் போட்டாயிற்று.

ஒன்று சொன்னால் சேகரிப்பாளர் நண்பர்களுக்கு வலிக்கும். நம் மாவட்டத்து நரிக்குறவர் குடியிருப்புகளில் வாய்வழி மருந்து கிட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைத் தலைமுறை தலைமுறையாகப் பழுது பார்த்தார்கள். ஸ்பிரிங் எது, மரம் எது, குழாய் எப்படி நேராக்குவது என்று அவர்கள் கைக்குத் தெரியும். அதற்கு யாராவது 'வின்டேஜ் ரெஸ்டோரேஷன்' என்று பெயர் வைத்தோமா? சந்தேகக் கண்ணோடு பார்த்தோம். ஏசி அறையில் கையுறை மாட்டிச் செய்தால் கலை, கூடாரத்தில் உட்கார்ந்து செய்தால் குற்றமா? கைத்திறன் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பயத்தில்தான் பாதிப் பொருள் கிணற்றுக்கும் தராசுக்கும் போகிறது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம். அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்கால ஆயுதத்துக்கும், முழு ஆயுதமாகச் சேர்க்கும் எண்ணமில்லாத சிறு பாகங்களுக்கும் விலக்குத் தருகிறது. ஆனால் எது சுட முடியாதது, எது சிறு பாகம் என்று முடிவு செய்ய வேண்டியது நீங்களோ நானோ அல்ல. அப்பா, தாத்தா பெயரில் உரிமம் இருந்து அவர் காலமாகிவிட்டால், அந்தத் துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், 21ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. பரணில் ஒளித்து வைப்பது வீரம் இல்லை. தொலைநோக்கி, தோல் உறை, திசைகாட்டி மாதிரி சாமான்களுக்குப் பயந்து நடுங்கவும் வேண்டாம். துப்பாக்கியோடு பொருந்தும் எதுவாக இருந்தாலும், இன்னது வீட்டில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். எழுத்தில் கேட்டவன் கெட்டதில்லை.

"வெளிநாட்டில் இதற்குப் பெரிய சந்தை இருக்கிறது, அங்கே போனால் பத்திரமாக இருக்குமே" என்பது இன்னொரு வாதம். பத்திரமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சந்தைக்கு வேண்டியது முழுசு அல்ல. தகரப் பெட்டி ஒருவனுக்கு, பிடி இன்னொருவனுக்கு, கண்ணாடி மூன்றாமவனுக்கு என்று பிரித்து விற்றால்தான் லாபம் அதிகம். தாலி கட்டிய எண்களைப் பிரித்து, நாலு கண்டத்துக்கு அனுப்பிவிட்டு, பிறகு 'எண் பொருந்தும் ஜோடி கிடைக்குமா' என்று அதே ஆட்கள் தேடுவார்கள்.

நம் சட்டமும் இங்கே கை கொடுக்காது. 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி, இப்படிப்பட்ட பொருளுக்குக் குறைந்தது 100 வயது ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் அது தொல்பொருள், அப்போதுதான் தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டு போகத் தடை. 1917இல் பிரான்ஸ் போன தொலைநோக்கி தேறிவிட்டது. 1942இல் பர்மா போன கண்ணாடி 2042 வரை சட்டத்தின் கண்ணுக்குப் பழைய சாமான்தான். 2ஆம் உலகப் போருக்குப் போனவர்களின் பொருட்கள் எல்லாம் அதுவரை நம் பொறுப்பில் மட்டுமே இருக்கின்றன. பேரன் பேத்திகளின் புத்தியை நம்பித்தான்.

அரசாங்கத்தையும் சும்மா விட மாட்டேன். இப்படி ஒரு தொலைநோக்கியை, உரியவர் சம்மதத்தோடு, ஒரு அலுவலகத்தில் கொடுக்கப் போனோம். "சிலையா? செப்பேடா? காசா?" என்று கேட்டார்கள். மூன்றும் இல்லை என்றதும் "அப்ப இது நம்ம லைன் இல்லீங்க" என்று முடித்துவிட்டார்கள். வாரணவாசியில் கல்லாய்ப்போன சிப்பிக்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, மகிழ்ச்சி. கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழன் காலத்துச் சிற்பத்துக்கு ஒன்று இருக்கிறது, பெருமை. 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வாலிகண்டபுரம், ரஞ்சன்குடி பக்கம் மோதிக்கொண்ட இடம் இது. பள்ளிப் புத்தகத்தில் வரும் ராபர்ட் கிளைவ் அந்தப் படையோடு இங்கே வந்தவன். அவ்வளவு பழைய சண்டையைச் சுற்றுலாப் பலகையில் எழுதுகிறோம். நம் தெருவிலிருந்து போன ஆளுக்கு ஓர் அலமாரி கிடையாதா?

நான் கேட்பது கட்டடம் இல்லை. இரண்டு மாவட்டத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு பதிவேடு. எந்த ஊர், யார் வீடு, என்ன பொருள், யாருடையது. பொருள் வீட்டிலேயே இருக்கட்டும், விவரம் அங்கே இருக்கட்டும். அதற்கான மனுவை எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காபி உண்டு.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பழைய வழக்கம், மன்னியுங்கள்.

ஒன்று, எதையும் தேய்க்காதீர்கள், கழற்றாதீர்கள். மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

இரண்டு, எண், எழுத்து, அம்புக்குறி எல்லாவற்றையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். மங்கிய எழுத்தும் அப்போது எழுந்து நிற்கும்.

மூன்று, பெட்டியையும் பொருளையும் பிரிக்காதீர்கள். கிழிந்த வாரும் உடைந்த மூடியும் அதன் குடும்பம்தான்.

நான்கு, வீட்டில் வயதானவர் இருந்தால் இன்றே உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள், நீங்களாக வீரம் சேர்க்காதீர்கள். 'அங்கே சோறு நல்லா இருக்கும்' என்று மட்டும் சொன்னால் அதையே எழுதுங்கள்.

ஐந்து, திரும்பி வராதவர் இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள், இலவசம்தான். ரங்கூன் பக்கத்துத் தாவுக்கியானில் உடல் கிடைக்காத சுமார் 27,000 பேரின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத்து மாறியிருக்கும், நாலு விதமாகப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, 'சூப்பர்' போட்ட நாற்பது பேருக்கு. அடுத்த முறை அப்படி ஒரு படம் வந்தால், சூப்பர் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது யாருடையது?" பதில் தெரிந்தால் அதைக் கீழே எழுதச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், புளியைக் குழம்புக்கு வைத்துவிட்டு, தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் போகச் சொல்லுங்கள்.

இதைப் பகிரலாம், என்னோடு சண்டையும் போடலாம். பெயர் சொல்லிப் போடுங்கள், எந்த வருட பேட்ச் என்றும் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்